அம்பாசடர்ல கார்ப்ரேட்டர கழட்டிட்டு இன்ஜெக்ஷன் மாத்துறது எப்படி: ராமநாதபுரம் கரையோரத்துக்காரங்களுக்கு

நம்ம பக்கம் இன்னும் பெட்ரோல் அம்பாசடர் வச்சிருக்கவங்க இருக்காங்க. ராமேஸ்வரம் டூரிஸ்ட் டாக்ஸியா ஓடி ஓஞ்சது, கீழக்கரையில வீட்டு முன்னாடி கவர் போட்டு நிக்கிறது, அப்பா வண்டின்னு விக்க மனசு வராம வச்சிருக்கது. எல்லாத்துக்கும் ஒரே சீக்கு தான். வெள்ளன சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணா சரியா எடுக்கும், மத்தியானம் மண்டபத்துல பத்து நிமிஷம் டீ குடிக்க நிறுத்திட்டு வந்து சாவி போட்டா சுத்தும் சுத்தும் எடுக்காது, ஏன்னா பம்புலயும் கார்ப்ரேட்டர்லயும் பெட்ரோல் சூட்டுல ஆவியாகி நிக்குது. இப்ப பங்குல ஊத்துறது இ20 வேற, அதாவது இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது சீக்கிரம் ஆவியாகும், பழைய ஹோஸ்ஸையும் ஊற வச்சு பிய்க்கும். அதான் நெறைய பேரு இன்ஜெக்ஷனுக்கு மாத்தலாமாண்ணேன்னு கேக்குறாங்க. மாத்தலாம்.

ஆனா கேக்குற எல்லாரும் முதல்ல கேக்குறது இசியு (இன்ஜெக்ஷன ஆட்டுவிக்கிற சின்ன கம்ப்யூட்டர்) எது வாங்க, இன்ஜெக்டர் எந்த சைஸுன்னு. இந்த உப்புக்காத்துல இன்ஜெக்ஷன் மாத்துறது பெட்ரோல் வேலை இல்ல, வயரிங் வேலை. கோயம்புத்தூர்ல ஒருத்தர் செஞ்சு நல்லா ஓடுற செட்டப்ப அப்படியே இங்க கொண்டாந்து மாட்டினா ரெண்டு மழைக்காலம் தாண்டாது, இசியு கெட்டுப்போயிருக்காது, எர்த்து கெட்டுப்போயிருக்கும். அதனால எர்த்து, கனெக்டர், டேங்க் இந்த மூணுக்கும் தான் கீழ அதிகமா எழுதிருக்கேன், மத்தது பூரா எங்கயும் கிடைக்கிற விஷயம்.

இங்க சொல்றது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் வண்டிக்கு. டீசல் வண்டிக்கு இதுல வேலை இல்ல, இசுசு 1800 வண்டிக்கு கணக்கு வேற.

முதல்ல இன்ஜின பாருங்க. கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா இன்ஜெக்ஷனுக்கு வச்சிருக்க காச முதல்ல ஹெட் வேலைக்கு போடுங்க. டாப்பெட் செட் பண்ணுங்க, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட்ல காத்து இழுக்குதான்னு பாருங்க. கார்ப்ரேட்டர் இந்த மாதிரி குறையெல்லாம் கொஞ்சம் மறைச்சு ஓட்டிரும், இசியு மறைக்காது. பாயின்ட் செட்ட எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுக்கோங்க, பிளக் வயரும் ரெசிஸ்டர் டைப்பா மாத்துங்க. பழைய காப்பர் கோர் வயர் இருந்தா அதோட நாய்ஸுல இசியு அப்பப்ப ரீசெட் ஆகும், நீங்க ப்ரோக்ராம்ல தப்பு தேடிக்கிட்டு இருப்பீங்க.

அடுத்து கரன்ட். ரொம்ப பழைய வண்டில டைனமோ இருக்கும், அதுலயும் சிலதுல பாசிட்டிவ் எர்த்து இருக்கும். பேட்டரில எந்த முனை பாடிக்கு போகுதுன்னு கண்ணால பாருங்க, பாசிட்டிவ் போச்சுன்னா நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தாம ஒரு எலக்ட்ரானிக்ஸும் தொடாதீங்க. டைனமோ ஐடிலிங்ல ஒண்ணுமே சார்ஜ் பண்ணாது. பெட்ரோல் பம்ப் மட்டுமே அஞ்சாறு ஆம்ப் இழுக்கும், ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர், இன்ஜெக்டர், இசியு எல்லாம் சேத்தா பத்து ஆம்ப தாண்டும், ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டா டைனமோ தாங்காது. உள்ள ரெகுலேட்டர் இருக்க மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணு காயலான் கடைல எடுத்து பிராக்கெட் அடிச்சு மாட்டுங்க.

இப்ப இன்ஜெக்டர் எங்க வைக்கிறதுங்கறது. எல்லாரும் ஆசப்படுறது நாலு சிலிண்டருக்கு நாலு இன்ஜெக்டர், எம்பிஎஃப்ஐ மாதிரி. அம்பாசடர்ல அது சரியா வராது. ஏன்னா இது பழைய பிஎம்சி பி சீரிஸ் ஹெட், நாலு சிலிண்டருக்கு இன்டேக் போர்ட் ரெண்டு தான் இருக்கு. 1ம் 2ம் ஒரு வாசல், 3ம் 4ம் ஒரு வாசல். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அப்ப என்னாகுதுன்னா 3 குடிச்ச உடனே அதே வாசல்ல 4 குடிக்குது, அப்புறம் 2, அத ஒட்டியே 1, ஒவ்வொரு வாசலும் அடுத்தடுத்து ரெண்டு தடவ இழுத்துட்டு அப்புறம் சும்மா கிடக்குது. அந்த போர்ட்டு வாயிலயே இன்ஜெக்டர வச்சு அடிச்சா டைமிங்க பொறுத்து ஒரு சிலிண்டருக்கு பெட்ரோல் ஜாஸ்தி போகும், பக்கத்து சிலிண்டருக்கு வெறும் காத்து தான் போகும். இதுக்குன்னே தனியா ப்ரோக்ராம் எழுதி ஓட்டுனவங்க வெளிநாட்டுல இருக்காங்க, கேம் சென்சாரெல்லாம் வச்சு. நமக்கு அந்த பாடு வேண்டாம். கார்ப்ரேட்டர் உக்காந்த இடத்துலயே த்ராட்டில் பாடி (காத்து வழிய தொறந்து மூடுற பகுதி) வச்சு அங்கயே ரெண்டு இன்ஜெக்டர் அடிக்கட்டும், பெட்ரோல் காத்தோட கலந்து மேனிஃபோல்ட் வழியா போகட்டும், கார்ப்ரேட்டருக்கு போட்ட மேனிஃபோல்ட் அதுக்குத்தான் போட்டது.

த்ராட்டில் பாடிக்கு மாருதி ஜென் எம்பிஎஃப்ஐ இல்ல எஸ்டீம் எம்பிஎஃப்ஐல உள்ளது போதும், த்ராட்டில் எவ்வளவு தொறந்திருக்குன்னு சொல்ற டிபிஎஸ் சென்சாரும் அதுலயே வந்துரும். எஸ்யூவோ சோலெக்ஸோ உங்க வண்டில எது இருந்துச்சோ அந்த ஃபிளாஞ்ச் அளவுக்கு ஒரு அலுமினியம் அடாப்டர் லேத்துல சொல்லி கடஞ்சு வாங்கணும், அந்த அடாப்டர்லயே ரெண்டு இன்ஜெக்டருக்கும் ஓட்டை சாய்வா வரணும், முனை மேனிஃபோல்ட் உள்ளாற பாக்குற மாதிரி. லேத்துக்கு போறப்ப இன்ஜெக்டர், ஓ ரிங், பழைய கார்ப்ரேட்டர் கேஸ்கட் மூணையும் கையோட கொண்டு போங்க, பேப்பர்ல வரஞ்சு குடுத்தா ஒரு எம்எம் தப்பி ஓ ரிங் வெட்டிரும்.

சைஸ் கணக்கு இப்படி. 1489ஐ நாலா பிரிச்சா ஒரு சிலிண்டருக்கு 372 சிசி காத்து. ஒரு லிட்டர் காத்து சுமார் 1.2 கிராம்னு வச்சா 0.45 கிராம். காத்துக்கும் பெட்ரோலுக்கும் எடை கணக்கு சுத்த பெட்ரோலுக்கு 14.7க்கு 1, இ20க்கு கிட்டத்தட்ட 13.5க்கு 1, அப்ப ஒரு இழுப்புக்கு 0.033 கிராம், அதாவது 0.044 சிசி பெட்ரோல். நிமிஷத்துக்கு 240 சிசி அடிக்கிற இன்ஜெக்டர் ரெண்டு போட்டா செகண்டுக்கு 8 சிசி, இந்த 0.044 அடிக்க 5.5 மில்லிசெகண்ட் ஆகும். 4500 ஆர்பிஎம்ல ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 6.7 மில்லிசெகண்ட் இருக்கு. இந்த இன்ஜின் அந்த வேகத்துல முழுசா நெறையாது, முக்கால்வாசி தான் நெறையும், அதனால நிஜத்துல 4 மில்லிசெகண்ட் சொச்சத்துல முடிஞ்சிரும், இன்ஜெக்டர் தொறக்குற நேரத்த சேத்தாலும் இடம் இருக்கு. ஆகக்கூடி 220லேருந்து 260 சிசிக்குள்ள எது கிடைச்சாலும் எடுங்க, ஆனா ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும். பெருசா போட்டா பவர் வரும்னு 400, 500 போடாதீங்க, ஐடிலிங்ல கட்டுக்குள்ள நிக்காது. இன்ஜெக்டரோட ரெசிஸ்டன்ஸும் மீட்டர்ல பாருங்க, 12 ஓம்ஸ் சொச்சம் காட்டணும், 2, 3 ஓம்ஸ் காட்டுற ரகத்துக்கு இசியு வேற மாதிரி வேணும்.

டேங்க். இதுல அவசரப்படாதீங்க. நம்ம ஊர் வண்டி டேங்க்ல துரு இல்லாம இருக்காது, பாதி காலியா நின்ன டேங்க்ல ராத்திரி ஈரக்காத்து உள்ள போய் தண்ணியா எறங்கும், எத்தனால் அந்த தண்ணிய புடிச்சு வச்சுக்கும். கார்ப்ரேட்டர் ஜெட்ல துரு மாட்டினா ஊதி விட்டு ஓட்டிரலாம், இன்ஜெக்டர்ல மாட்டினா அம்புட்டுதான். டேங்க எறக்கி பெட்ரோல் வடிச்சு, சோப்புத்தண்ணி விட்டு அலசி, ஆவி போன அப்புறம் பாஸ்பாரிக் ஆசிட் துரு நீக்கி ஊத்தி ஊற விட்டு, திரும்ப அலசி, உடனே காய வைங்க. ஈரத்தோட ஒரு ராத்திரி விட்டாலே இங்க திரும்ப செவந்துரும். ஓட்டை இருந்தா வெல்டிங் வைக்க சொல்லி அப்படியே குடுத்துராதீங்க, காலி டேங்க்ல இருக்க ஆவி தான் நெறஞ்ச டேங்க விட மோசம்.

பழைய டேங்க்ல உள்ள தடுப்பு பத்தாது, பெட்ரோல் கம்மியா இருக்கப்ப வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காத்த இழுக்கும், வண்டி வெட்டும். இதுக்கு ஒரு லிட்டர் அளவு சின்ன சர்ஜ் டேங்க் ஒண்ணு நடுவுல வைங்க, மெயின் டேங்க்லேருந்து சின்ன லோ பிரஷர் பம்ப் அத நெரப்பும், அதுலேருந்து 3 பார் பம்ப் இன்ஜெக்டருக்கு தள்ளும், மிச்சம் ரிட்டர்ன்ல வரும். இந்த ரிட்டர்ன் லைன் தான் மத்தியான ஸ்டார்ட்டிங் சீக்குக்கே மருந்து, சாவி போட்டதும் பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி சூட்டுல ஆவியானத திருப்பி அனுப்பிட்டு புது பெட்ரோல் கொண்டாந்துரும். பம்புக்கு முன்னாடி 100 மைக்ரான் ஃபில்டர், பின்னாடி 10 மைக்ரான். ஹோஸ் இன்ஜெக்ஷனுக்குன்னு உள்ள எத்தனால் தாங்குற ரகம் தான், மீட்டர் கணக்குல சும்மா தொங்க விட்டு விக்கிற கருப்பு ட்யூப் 3 பாருக்கு ஆகாது. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் இந்த இன்ஜின்ல ஒரே பக்கம் இருக்கதால லைன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட தொடாம சுத்தி கொண்டு போங்க. இன்ஜின்ல உள்ள பழைய மெக்கானிக்கல் பம்ப கழட்டி அந்த ஓட்டைக்கு பிளேட் போட்டு மூடிருங்க.

பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் பத்தி ஒண்ணு. இன்ஜெக்டர் த்ராட்டில் பிளேட்டுக்கு உள்பக்கம், அதாவது மேனிஃபோல்ட் பக்கம் இருந்தா ரெகுலேட்டர்ல உள்ள சின்ன குழாய மேனிஃபோல்ட் வேக்கத்தோட சேக்கணும். பிளேட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தா சேக்காம தொறந்து விடணும். மாத்தி செஞ்சா ஐடிலிங் ஒரு மாதிரியும் இழுக்கறப்ப வேற மாதிரியும் இருக்கும், எவ்வளவு டியூன் பண்ணாலும் சேராது.

இனி எர்த்து. பேட்டரி நெகட்டிவ் பாடில சேர்ற போல்ட்ட கழட்டி பாருங்க. மேல பெயின்ட் அடிச்சு நல்லாத்தான் தெரியும், கழட்டினா லக்குக்கு (வயர் முனைல உள்ள தகடு) கீழ வெள்ளையும் பச்சையுமா பூத்து கிடக்கும், வெரல்ல தேச்சா மாவு மாதிரி வரும். அதுக்கு கீழ தகடு கருப்பா அரிச்சிருக்கும். அத எமரி பேப்பர் போட்டு பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் தேய்ங்க, ஸ்டார் வாஷர் வச்சு இறுக்குங்க, இறுக்கின அப்புறம் மேல வேசலினோ கிரீஸோ தடவுங்க. இறுக்குறதுக்கு முன்னாடி நடுவுல தடவாதீங்க. இன்ஜின்லேருந்து பாடிக்கு ஒரு பட்டை எர்த்து, இன்ஜின்லேருந்து நேரா பேட்டரிக்கு ஒரு தடி கேபிள், ரெண்டும் வேணும். இசியு எர்த்து இன்ஜின் பிளாக்ல ஒரே போல்ட்ல எறங்கணும், டேஷ்போர்டு ஸ்க்ரூல இல்ல. சென்சார் எர்த்து எல்லாம் பாடிக்கு போகவே கூடாது, இசியுக்கே திரும்பி வரணும்.

செஞ்சது சரியான்னு பாக்க மல்டிமீட்டர 2 வோல்ட் ரேஞ்சுல வச்சு கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயே குத்துங்க, கிளாம்ப்ல இல்ல போஸ்ட்ல, செவப்பு முனைய இன்ஜின் பிளாக்ல வைங்க, காயில் வயர கழட்டிட்டு ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள நின்னா நல்லது. அரை வோல்ட் காட்டுச்சுன்னா எந்த சென்சார் எர்த்தாவது தப்பா பாடிக்கு போயிருந்தா இந்த மாதிரி வித்தியாசம் அதோட ரீடிங்ல பொய்யா வந்து உக்காரும், இசியு அத நம்பி பெட்ரோல் ஊத்தும். மழைக்காலம் முடிஞ்சதும் ஒருக்கா இந்த டெஸ்ட்ட போட்டுருங்க.

வயருக்கு சாதா ஆட்டோ வயர் வாங்காதீங்க, ஈயம் பூசின காப்பர் வயர் வாங்குங்க, படகு வயரிங்குக்கு போடுறது. சாதா காப்பர் இங்க இன்சுலேஷனுக்கு உள்ளாறயே அடி நீளத்துக்கு கருத்துப்போயிரும், வெளிய ஒண்ணும் தெரியாது. பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுக்கு வயரிங் பாக்குற எலக்ட்ரீஷியன் யாராவது தெரிஞ்சா அவர கூப்புடுங்கண்ணே, கார் எலக்ட்ரீஷியன விட இந்த வேலைக்கு அவர் கை நல்லா இருக்கும், உப்போட தெனம் மல்லுக்கட்டுறவர். கனெக்டர் ரப்பர் சீல் உள்ளதா இருக்கணும், லக்க கிரிம்ப் பண்ணி உள்ள பசை இருக்க ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. வயர் கனெக்டருக்குள்ள மேலேருந்து எறங்கி போகக்கூடாது, கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறி போகணும், அப்ப தான் தண்ணி வழிஞ்சு அந்த தொங்கல்லயே சொட்டும்.

இசியுவ பானட்டுக்குள்ள வைக்காதீங்க, டேஷ்போர்டுக்கு உள்ள, கனெக்டர் கீழ பாக்க வைங்க. எதுன்னு கேட்டா, 2001ல அமெரிக்காவுல போலிங், கிரிப்போன்னு ரெண்டு பேரு ஆரம்பிச்ச மெகாஸ்குயர்ட் இருக்கு, ஆர்டுயினோ மெகா போர்டு மேல ஓடுற ஸ்பீடுயினோ இருக்கு. ரெண்டுக்கும் லேப்டாப்ல செட் பண்ற சாஃப்ட்வேர் டியூனர்ஸ்டூடியோ தான். நம்ம வேலைக்கு ஸ்பீடுயினோவே தாராளம், ஆனா போர்டுக்கு மேல ஈரம் ஏறாம காக்குற கன்ஃபார்மல் கோட்டிங் அடிச்சுருங்க, கனெக்டர் பின்ன டேப் போட்டு மூடிட்டு அடிக்கணும்.

சென்சார்ல சொல்றதுக்கு கொஞ்சம் தான் இருக்கு. மேனிஃபோல்ட் பிரஷர் பாக்குற மேப் சென்சாருக்கு மேனிஃபோல்ட்லேருந்து தனி ட்யூப், பிரேக் பூஸ்டர் லைன்லேருந்து பிரிக்காதீங்க. கூலன்ட் சென்சார் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம். காத்து சூடு பாக்குற சென்சார ஏர் கிளீனர் வாயில வைங்க, மேனிஃபோல்ட்ல வச்சா நிறுத்தி எடுக்குறப்ப இரும்பு சூட்ட காத்து சூடுன்னு நெனச்சு பெட்ரோல கொறச்சிரும், எந்த சீக்குக்காக இவ்வளவும் செஞ்சமோ அது திரும்ப வந்து நிக்கும். கோன் ஃபில்டர் மாட்டாதீங்க, தனுஷ்கோடி ரோட்டுல பறக்குற மணலுக்கு பழைய டப்பாவும் பேப்பர் ஃபில்டரும் தான் சரி. ஆர்பிஎம் சிக்னல் இப்போதைக்கு காயில் நெகட்டிவ்லேருந்து எடுத்தா போதும், அங்க நூத்துக்கணக்கான வோல்ட் துள்ளும், அதனால நேரா போர்டுல குத்தாம அதுக்குன்னே இருக்க ஐசொலேட்டர் சர்க்யூட் வழியா விடுங்க. இக்னிஷனையும் இசியு கையில குடுக்கணும்னா 36 பல்லுல ஒண்ணு இல்லாத 36-1 பல்சக்கரம் இன்ஜின் முன்பக்க பெல்ட் புல்லில மாட்டணும், அத ஆறு மாசம் ஓட்டிட்டு யோசிக்கலாம்.

ஆக்சிஜன் சென்சார் வைட்பேண்டா வாங்குங்க, எக்ஸாஸ்ட் வழியெல்லாம் ஒண்ணா சேர்ற இடம் தாண்டி பைப்போட மேல் பாதில சாய்வா வெல்டிங் வச்சு மாட்டணும், அடில வச்சா தண்ணி தேங்கி உடையும். அதுக்கு முன்னாடி பைப்புல எங்கயாவது உப்பு தின்ன ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போயி லீன், அதாவது பெட்ரோல் கம்மின்னு காட்டும், அத அடைக்காம டியூனிங்ல உக்காராதீங்க. ரீடிங்க லாம்ப்டாவுல பாருங்க (1ன்னா கலவை சரி, அதுக்கு கீழன்னா பெட்ரோல் ஜாஸ்தி, மேலன்னா கம்மி), இ20 ஊத்துனாலும் கொழப்பம் இருக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர் கனெக்டர கழட்டிட்டு பம்ப மட்டும் ஓட விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டார்ச் அடிச்சு, துணி வச்சு தொடச்சு பாருங்க, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். பம்ப் ரிலே இசியு கையில தான் இருக்கணும், இன்ஜின் நின்னா பம்ப் தானா நிக்கணும். சாவிக்கு நேரா வயர் குடுத்து வைக்கிறவங்கள பாத்துருக்கேன், ஆக்சிடென்ட்ல வண்டி கவுந்து கிடக்கும், பம்ப் பாட்டுக்கு ஊத்திக்கிட்டு இருக்கும்.

டியூனிங். ஐடிலிங் லாம்ப்டா 0.95லேருந்து 1க்குள்ள, சீரா போறப்ப 1, முழு ஆக்சிலேட்டர்ல 0.87 பக்கம். குளிர் ஸ்டார்ட்டுக்கு நம்ம ஊர்ல இசியுல பெரிய டேபிள் தேவையில்ல, மார்கழிலயே என்ன குளிர் அடிச்சிரப்போகுது, கிராங்கிங்கும் அதுக்கப்புறம் அரை நிமிஷமும் சரியா இருந்தா முடிஞ்சது. ரோட்டுக்கு ராமநாதபுரத்துலேருந்து தேவிபட்டினம் போற ரோடு நல்லா இருக்கும், காலைல வெள்ளன போயிருங்க. ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் லேப்டாப் பாக்கணும், ஒரே ஆள் ரெண்டும் செய்யக்கூடாது. மேடு பள்ளமே இல்லாத ஊர்ல லோடு எப்படி மாத்துறதுன்னு கேட்டா, காத்து இருக்குல்ல. மேக்கேருந்து வர்ற கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல அதே 60ல எதுத்துப் போறப்ப மேப் ஒரு ரேஞ்சுல நிக்கும், காத்தோட போறப்ப நல்லா எறங்கி நிக்கும். ஒரே ரோட்டுல போயி வந்தாலே இசியுல உள்ள பெட்ரோல் அளவு டேபிள்ல ரெண்டு வரிசை நெரம்பும். மேல் வரிசைகளுக்கு நாலு பேர ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல பைய இழுங்க. பாம்பன் பாலத்துல டியூன் பண்ண போகாதீங்க, குறுக்கு காத்துல வண்டி ஆடும், ஃபோட்டோ எடுக்க எறங்குற ஜனம் வேற.

பேப்பர் விஷயம். இன்ஜின்ல மாத்தம் செய்யுறதுக்கு மோட்டார் வாகன சட்டம் 52ம் பிரிவு பொருந்தும், ஆர்டிஓ ஆபீஸ்ல முதல்லயே கேட்டுக்கோங்க. வண்டி 50 வருஷத்த தாண்டிருச்சு, 2021ல வந்த விதிப்படி விண்டேஜ் நம்பர் வாங்கணும்னு நெனப்பு இருந்தா இந்த வேலையே அதுக்கு எடஞ்சல், இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக்கூடாதுங்கறாங்க. அதனால ஹெட்டையும் மேனிஃபோல்டையும் அறுக்காதீங்க, வெல்டு வைக்காதீங்க, எல்லாம் போல்ட்ல ஏறி போல்ட்ல எறங்குற மாதிரி இருக்கட்டும். கார்ப்ரேட்டர், பழைய பம்ப், லிங்கேஜ் கம்பி, பாயின்ட் செட் எல்லாத்தையும் டீசல்ல கழுவி எண்ணெய் தடவி பிளாஸ்டிக் டப்பால போட்டு பரண்ல வைங்க. டிக்கில எப்பவும் கிடக்க வேண்டியது ஒரு பம்ப் ரிலே, ரெண்டு ஃபியூஸ், ஒரு பெட்ரோல் ஃபில்டர், ஒரு கூலன்ட் சென்சார், ஒரு மல்டிமீட்டர். ராத்திரி உச்சிப்புளி தாண்டி நின்னுட்டா எந்த கடைலயும் இதெல்லாம் கிடைக்காது.